இடது காதுக்குக் கொஞ்சம் இறக்கி

"மூணு நாளா நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன். நீங்க என்னடான்னா மோட்டார், மோட்டார்னு கதை சொல்றீங்க!"

"கத்தாதீங்க சார். உள்ள மெழுகு இளகிக்கிட்டு இருக்கு."

"மெழுகு இளகினா என்ன, மலையே இளகினா என்ன? அந்தப் பாட்டை உங்களை யாரு இறக்கச் சொன்னது?"

"என் பட்டறை, என் பாட்டு. இறக்குவேன், ஏத்துவேன், கழுவிக் காயப்போடுவேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"காதுல வலிக்குது!"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தச் சண்டை நடந்தது. இடம், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பல்செட் பட்டறையின் வாசல். மூன்று மாடியிலும் ஜன்னல்கள் திறந்துகொண்டன. துணி காயப்போட வந்தவர்கள் காயப்போட்ட துணியையே மறுபடியும் உதறிக் காயப்போட்டார்கள். சண்டை அவ்வளவு சுவையாக இருந்தது.

கத்திக்கொண்டிருந்தவர் முதல் மாடியில், பட்டறைக்கு நேர் மேலே குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். எல்லோரும் சுருக்கமாக 'லிஃப்டு' என்பார்கள். லிஃப்டே இல்லாத கட்டடத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடியிருப்பது பற்றி எத்தனையோ முறை சிரித்தாகிவிட்டது; அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அதிர்ந்து பேசாத ஆள். அப்படிப்பட்டவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார் என்றால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்க்க வேண்டாமா?

பதில் கொடுத்துக்கொண்டிருந்தவர் பல்செட்டம்மா, தனியாளாகப் பட்டறை நடத்துகிறவர். ஊரில் இருக்கும் பல் டாக்டர்கள் நோயாளிகளின் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்தம்மா அதற்குப் பல் வரிசை செய்து கொடுப்பார். கட்டடத்திலேயே நாலு பேர் வாயில் அவர் கைவேலை இருக்கிறது. அதனால் அவரோடு யாரும் லேசில் மல்லுக்கு நிற்பதில்லை. சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால், ஒவ்வொரு வாய்க்கும் அந்தம்மா ஞாபகம் வரும்.

லிஃப்டு ஏன் கொதித்தார் என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஒரு நாள் காலையில் அவர் எழுந்தபோது இடது காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. டாக்டர், ஊசி, மாத்திரை எல்லாம் ஆகி, இரண்டு வாரத்தில் காது திரும்பி வந்தது. வந்தது, ஆனால் கோணலாக வந்தது. வலது காது ஒரு சுரத்தை அந்தச் சுரமாகவே கேட்டது. இடது காது அதே சுரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கேட்டது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். பேச்சுக்கு அது பெரிதாகத் தெரியாது. பாட்டுக்கோ, அது போதும் குடியைக் கெடுக்க. ஒரே ஆள் பாடினாலும் இரண்டு பேர் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல் கேட்டது. "இது தானா சரியாகலாம், ஆகாமலும் போகலாம்" என்று டாக்டர் இரண்டு பக்கமும் கை காட்டிவிட்டார்.

வேறு யாருக்காவது வந்திருந்தால் வானொலியை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவருக்கு உயிரே பழைய ராக் பாட்டில் இருந்தது. நடைவழியில் மார்பளவு உயரத்துக்கு முந்நூற்று நாற்பது இசைத்தட்டுகள். எல்லாம் அவர் பிறக்கும் முன்போ, தவழும்போதோ வந்தவை. நீளத் தலைமுடிக்காரர்கள் கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்டு நிமிடம், பத்து நிமிடம் வாசித்தவை. ஒவ்வொரு பாட்டும் எந்தச் சுரத்தில் தொடங்கும் என்பது அவருக்குத் தன் வீட்டுக் கதவெண் மாதிரி. அந்தத் தட்டுகளை அவர் இரண்டு வருடமாகத் தொடவில்லை. இடது காதை அடைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார். அடைத்த காதுக்குள் தன் மூச்சும் ரத்தமும்தான் இரைந்தன; அதையும் மீறி மண்டையோட்டு எலும்பு வழியாக அந்தக் கோணல் சுரம் உள்ளே நுழைந்தது. விட்டுவிட்டார்.

ஆனால் வலது காது அவருக்கு இருந்தது. வேலைக்கு அதுதான் மூலதனம். லிஃப்டின் மோட்டார்மேல் நீளமான திருப்புளியை வைத்து, அதன் கைப்பிடியை வலது காதின் கீழே எலும்பில் அழுத்திக் கேட்பார். எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் புதன்கிழமை, தரை வழியாகக் கீழிருந்து ஒரு பாட்டு ஏறி வந்தது. அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் எப்போதும்போல் முகத்தைச் சுளித்தார். பிறகு என்னவோ உறுத்தியது. இடது காதை விரலால் அழுத்திக்கொண்டு தரையில் படுத்து வலது காதால் கேட்டார். பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சுருதி கீழே இறங்கியிருந்தது. அடுத்த பாட்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

நல்ல காதும் போய்விட்டது என்று முடிவு செய்தார். மனிதர் மூன்று நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் திருப்புளியை வைத்துக் கேட்கவே பயந்து, நல்ல உருளைகளை எல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டினார். வெள்ளிக்கிழமை, கூடவே குடியிருக்கும் தனிக்கட்டை அக்காவிடம், "அந்தத் தட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடுக்கா, கண்ணுல படக்கூடாது" என்றார்.

சனிக்கிழமை காலை பட்டறை வாசற்படியில் வைத்து பல்செட்டம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "நான் பாட்டையெல்லாம் கொஞ்சம் இறக்கி வெச்சுக் கேக்கறேன் சார், தொந்தரவா இருந்தா சொல்லுங்க."

அப்போது வெடித்ததுதான் மேலே கேட்டது.

"எதுக்கு இறக்கினேன்னு கேக்கவே மாட்டேங்கறீங்களே!" என்றார் பல்செட்டம்மா. "என் பாலிஷ் மோட்டார் ஒரு சுரத்துல ரீங்காரம் போடும். நாள் பூரா போடும். பாட்டைச் சும்மா போட்டா ரெண்டும் ஒட்டாது, பல்லு கூசும். நானே பல்லு செய்யறவ, எனக்கே பல்லு கூசலாமா? அதான் பாட்டை ஒரு முடி இறக்கினேன். மோட்டாரும் பாட்டுக்காரன்கூடச் சேர்ந்து பாடற மாதிரி ஆயிடுச்சு. அவ்வளவுதான்."

"எவ்வளவு இறக்கினீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ நம்பர் காட்டும். நானூத்தி நாப்பதுல இருக்கும், நானூத்தி முப்பத்திரண்டுல கொண்டுவந்து நிறுத்தினேன்."

இந்த எண்ணைக் கேட்டதும் இரண்டாம் மாடியிலிருந்து கட்டடச் சங்கச் செக்ரட்டரி மூன்று மூன்று படியாக இறங்கி வந்துவிட்டார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இன்னும் உண்டாகவில்லை.

"நானூத்தி முப்பத்திரண்டா? அம்மா, அது பிரபஞ்ச சுருதி! இப்ப உலகம் பூரா ஒரு சுரத்தை நொடிக்கு நானூத்தி நாப்பது அதிர்வுன்னு வெச்சுத்தான் வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கறாங்க. அது தப்பு. முப்பத்திரண்டுக்கு இறக்கினா மனசு அமைதியாகும், செடி வளரும். எனக்கு வந்த மெசேஜ்ல விலாவாரியா இருக்கு. நான் ஒரு மாசம் கேட்டேன், சுகர் இறங்கிடுச்சு."

"மாத்திரையை நிறுத்திட்டா கேட்டீங்க?" என்றார் பல்செட்டம்மா.

"மாத்திரையும் போட்டேன்."

"அப்ப பிரபஞ்சத்துக்குப் பாதி, மாத்திரைக்குப் பாதி."

ஜன்னல்கள் சிரித்தன. லிஃப்டு மட்டும் சிரிக்கவில்லை. நல்ல காது தப்பித்தது என்ற நிம்மதி, கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னும் குதித்துக்கொண்டிருந்தது. "பிரபஞ்சமோ மோட்டாரோ, ஒருத்தன் உயிரைக் குடுத்துப் பாடினதைக் கீழ இழுத்து வெச்சா அது அந்தப் பாட்டே இல்லை. முகத்தை இழுத்துத் தைச்ச மாதிரி" என்றார்.

"வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க. பாட்டு கெட்டிருந்தா நான் இன்னையிலேர்ந்து மோட்டாரை மட்டுமே கேக்கறேன்."

"வேண்டாம். என்னால கேக்க முடியாது."

"பயமா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உள்ளே போனார்.

பட்டறைக்குள் அவர் அதுவரை நுழைந்ததில்லை. அலமாரி முழுக்க வெள்ளைச் சாந்தில் வார்த்த ஈறுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு எண். பலகைமேல் இளஞ்சிவப்பு மெழுகில் பாதி நட்ட பல் வரிசைகள். யாரோ முப்பது பேர் உடம்பை வெளியே விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. மூலையில் பாலிஷ் மோட்டார், பக்கத்தில் கணினி, ஆணியில் பெரிய ஹெட்ஃபோன்.

பல்செட்டம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டை இறக்கினால், மூலப் பாட்டை வலது பக்கத்திலும் இறக்கிய பாட்டை இடது பக்கத்திலும் போட்டு, இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவார். வேகம் மாறாது, சுருதி மட்டும்தான் மாறும் என்பதால் இரண்டும் அடிக்கு அடி சேர்ந்தே போகும். பிறகு ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைப்பார், எடுத்துவிட்டு மறுபக்கத்தை வைப்பார். மோட்டாருக்கு எது ஒத்துப்போகிறது என்று அப்படித்தான் பார்ப்பார். பல் வைக்கும்போதும் இதே கதைதான்: இந்தப் பக்கம் கடித்துப் பார், அந்தப் பக்கம் கடித்துப் பார்.

"ஒவ்வொரு பக்கமா வெச்சுக் கேளுங்க சார். முதல்ல வலது, அப்புறம் இடது. ரெண்டையும் சேர்த்து வெச்சுடாதீங்க, தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டு ஓடவிட்டார்.

சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வதில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு தனித்திறமை இருக்கிறது, அதுவும் சண்டையில் இருக்கும்போது. லிஃப்டு ஹெட்ஃபோனைப் பிடுங்கி இரண்டு காதிலும் அழுத்தி மாட்டிக்கொண்டார்.

முதலில் வந்தது மூச்சு. அந்தப் பாட்டு அப்படித்தான் தொடங்கும். பாடகர் ஒலிவாங்கிக்கு மிக அருகில் வந்து, வாயைத் திறந்து, காற்றை இழுப்பார். மூச்சுக்குச் சுருதி கிடையாது. அது வரைக்கும் ஆபத்தில்லை. அடுத்து குரல் வரும். அடி விழப்போகிற ஆள்போல் லிஃப்டு தோளைத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

குரல் வந்தது.

ஒன்றாக வந்தது.

தோள் தூக்கியபடியே நின்றுவிட்டது. ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரி போயிற்று. பிளவு எங்கே? இதோ இந்தச் சொல்லில் வரும், இதோ இந்த நீட்டலில் கிழியும் என்று அவர் காத்துக்கொண்டே இருந்தார். கிழியவில்லை. ஒரே ஒரு மனிதன், ஒரே ஒரு தொண்டை, கரகரப்பு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய தொண்டை, ஒரே ஒரு சுரத்தில் நின்று பாடினான். இரண்டு வருடமாகப் பாட்டு என்றால் அவருக்கு இரண்டு ஓரங்கள்தான். வலது ஓரத்தில் ஒருவன், இடது ஓரத்தில் ஒருவன், நடுவில் ரணகளம். இப்போது பாட்டு நெற்றிக்குப் பின்னால், தலைக்கு நட்டநடுவில் வந்து நின்றது. பாட்டுக்கு நடு என்று ஒன்று இருந்ததையே அவர் மறந்துபோயிருந்தார்.

கிடார் நுழைந்தது. ஒரு கம்பி. அப்புறம் அதோடு இன்னொரு கம்பி. இரண்டு கம்பிகள் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று உருவானது. யாருமே வாசிக்காத அந்த மூன்றாவது ஒலி காற்றில் தானாக நின்று அதிர்ந்தது. சுருதி சேர்ந்த இடத்தில் மட்டும் அது பிறக்கும். லிஃப்டுக்கு உடம்பில் இருந்த முடியெல்லாம் எழுந்துகொண்டது. கடல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாமல் முதல்முறை கரைக்கு வந்து நிற்கும் ஆள்போல், அவர் கைகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயையோ, ரெண்டையும் மாட்டிட்டீங்களா? கழட்டுங்க, கழட்டுங்க, அது வேற இது வேற..." பல்செட்டம்மா கை நீட்டினார்.

லிஃப்டு கண்ணைத் திறக்காமல் ஒரு கையைத் தூக்கினார். நில் என்று. லிஃப்டையே நிறுத்துகிற கை. அந்தம்மா நின்றுவிட்டார்.

முரசு விழுந்தது. தாளத்தகடுகள் மட்டும் நுனி பிளந்த முடிபோல் லேசாகப் பிரிந்து கேட்டன. போகட்டும். மற்ற எல்லாம் ஒன்று. ஏழு நிமிடம் நாற்பது நொடி அவர் அசையவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடி, சட்டைக் காலரில் இறங்கியது. துடைக்கவும் இல்லை. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இதுக்கு என்ன பண்ணினீங்க?" என்று ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலையே. வலதுல பாட்டு, இடதுல இறக்கினது..." சொல்லும்போதே அந்தம்மாவுக்கு விஷயம் மெல்ல உறைத்தது. லிஃப்டின் காதுக் கதை கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். "உங்க இடது காது தூக்கித்தானே கேக்கும்?"

"ஆமா."

"நான் இறக்கி வெச்சேன்."

"ஆமா."

"அது தூக்கறதும் நான் இறக்கறதும்..."

"சரியாப் போச்சு" என்றார் லிஃப்டு. பல்செட்டம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாயில் கை வைத்துக்கொண்டு, கணினித் திரையில் இருந்த அந்த எண்ணையே பார்த்தார். மோட்டாருக்காக நகர்த்திய ஒரு கோடு, அளந்தெடுத்ததுபோல் ஒரு மனிதனின் காதில் போய்ப் பொருந்தியிருந்தது. அச்சில்லாமல் செய்த பல் வரிசை ஒருவர் வாயில் போய்ச் சரியாக உட்கார்ந்த மாதிரி. அவர் தொழிலில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

இதற்குள் அக்கா வந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபது வருடம் மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் போட்டு, வீட்டில் யாராவது வேகமாகப் பேசினால்கூட வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். தம்பி அழுவதைப் பார்த்ததும் கால் ஓங்கி மிதித்தது.

"என்னடா ஆச்சு? யாரு என்ன சொன்னாங்க?"

"அக்கா, இதை மாட்டிக் கேளேன்."

தம்பியின் காது விஷயத்தில் அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. ஏதோ கொஞ்சம் கோளாறு, மீதி பிகு. பாட்டு என்றால் பாட்டுதானே, அதில் என்ன முடி வித்தியாசம்? இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். இப்போது ஹெட்ஃபோனை மாட்டினாள். பல்செட்டம்மா பாட்டை மறுபடி ஓடவிட்டார்.

அக்காவின் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல் ஆயிற்று. பத்து நொடியில் பிடுங்கி எறிந்தாள்.

"அய்யய்யே! என்னடா இது? ரெண்டு பேரு ஒரே பாட்டைச் சண்டை போட்டுக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு. மண்டைக்குள்ள ரம்பம் வெச்சு..." அப்படியே நிறுத்தினாள்.

மோட்டார் மட்டும் ரீங்காரம் போட்டது.

"இப்படியாடா?" என்றாள் அக்கா.

"எல்லாப் பாட்டும்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

அக்கா ஹெட்ஃபோனை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று தம்பி சொல்லியும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வர, பல்லைக் கடித்துக்கொண்டு, ஏழு நிமிடம் நாற்பது நொடியும் உட்கார்ந்து கேட்டாள். அந்த நேரம் முழுவதும் அவள் கால் தரையை மிதிக்கவே இல்லை என்று பல்செட்டம்மா பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

அன்று மதியத்துக்குள் கட்டடமே பட்டறைக்குள் வரிசையில் வந்து அந்த ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தது. எல்லோரும் முகம் சுளித்தார்கள், எல்லோரும் லிஃப்டை ஒரு தினுசாகத் திரும்பிப் பார்த்தார்கள். செக்ரட்டரி மாட்டிக்கொண்டு அரை நிமிடம் தாக்குப்பிடித்தார். பிரபஞ்சம் பற்றிப் பேச வாயெடுத்தவர், லிஃப்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் பேச வந்து பேசாமல் போனது அந்த ஒரு முறைதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளிக்கிழமை தம்பி சொன்னதை நம்பி, அக்கா அன்றே ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாருக்குப் போன் செய்து, தட்டுகளை வந்து அள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருந்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே வேனோடும் இருபது காலிப் பெட்டிகளோடும் வந்து நின்றார். தாட்டியான ஆள், மனைவியை இழந்தவர். முதல் மாடிக்கு ஏறியதற்கே நடைவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"வாத்தியாரே, மன்னிச்சுக்கணும். குடுக்க முடியாதுங்க" என்றார் லிஃப்டு.

"ஏங்க? முந்தாநேத்து இந்தம்மா சொன்னாங்களே, எவ்வளவு சீக்கிரம் எடுத்தாலும் நல்லதுன்னு?"

"நேத்துக்கு முந்தி அது நல்லது. இப்ப நல்லதில்லை" என்றாள் அக்கா. "கீழ வாங்க, காட்டறேன்."

வாத்தியாருக்குக் காது பழகின காது. ஹெட்ஃபோனை மாட்டியதும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். "யாருக்குங்க இந்தத் தண்டனை?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒண்ணு கேக்கறேன். நீங்க முழுப் பாட்டையும் ஒரே கலவையாக்கி ரெண்டு பக்கமும் விட்டிருக்கீங்க. எதுக்கு? தட்டுலயே இடது தனி, வலது தனின்னு பதிஞ்சிருப்பாங்களே. வலதை அப்படியே விட்டுட்டு, இடதுல வர்றதை மட்டும் இறக்கினா என்ன?" என்றார்.

பல்செட்டம்மா லிஃப்டைப் பார்த்தார். லிஃப்டு எழுந்து மாடிக்கு ஓடினார். முந்நூற்று நாற்பதிலிருந்து ஒன்றை எடுக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றை எடுப்பார், திரும்ப வைப்பார், இன்னொன்றை எடுப்பார். தட்டைப் பதிவு செய்து, இடதை மட்டும் பிரித்து இறக்கி, சேர்த்துவைக்க இன்னும் ஒரு மணி நேரம். வேனில் ஏற்ற வந்த பெட்டிகளின்மேல் எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

முந்தின நாள் பாட்டு தலைக்கு நடுவில் வந்து நின்றது என்றால், அன்று தலையே இல்லாமல் போயிற்று. வலது பக்கம் எட்டடி தூரத்தில் கிடார்க்காரன் காலை அகட்டி நின்றான். இடது பக்கம் இன்னொருவன் ஆர்கனின் கட்டைகள்மேல் குனிந்திருந்தான். நடுவில் பாடகன், அவனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், முரசுகள். அவர்களுக்கு நடுவே இருந்த காலியிடம்கூடக் கேட்டது. பல் வரிசைகளும் சாந்துத் தூசியும் நிறைந்த அந்தச் சின்னப் பட்டறையின் சுவர்கள் நாலு பக்கமும் விலகிப் போய்விட்டதாக லிஃப்டு பிறகு சொன்னார். அப்போது சொன்னது வேறு. கையை நீட்டி, காற்றில் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க நிக்கறான்" என்றார். பிறகு இன்னொரு இடத்தை. "இவன் இங்க." அங்கே எதுவும் இல்லை. ஆனால் கூடியிருந்த ஐந்து பேரும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள், யாருக்கோ வழிவிடுவதுபோல்.

வாத்தியார் காலிப் பெட்டிகளோடு திரும்பிப் போனார். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டு எடுத்துப் போவார். இரண்டு தட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று மணி நேரமா என்று தெரு கேட்டது. பிறகு அவர் அக்காவின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். வேன் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கி, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். தெருவுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஐந்தாவது மாதம் ரெஜிஸ்டர் ஆஃபீஸில் கல்யாணம். பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனார்கள். வேனை அக்காதான் ஓட்டினாள்.

லிஃப்டின் காது ஒரே இடத்தில் நிற்கவில்லை. டாக்டர் இரண்டு பக்கமும் கை காட்டினார் அல்லவா, அதில் நல்ல பக்கமாக மெல்ல நகர்ந்தது. அதில் ஒரு சங்கடம்: வித்தியாசம் குறையக் குறைய, இறக்கி வைத்த பாட்டெல்லாம் மறுபடி விலகிக் கேட்க ஆரம்பித்தது. நானூற்று முப்பத்திரண்டு என்பது நானூற்று முப்பத்து நான்கு ஆயிற்று. செய்து வைத்த அறுபத்தோரு பாட்டையும் பல்செட்டம்மா முதலிலிருந்து செய்தார். பல் வரிசை தளர்ந்தால் திருத்திக் கொடுப்பதில்லையா, அதுபோல்தான் என்றார். நாலு வாரத்துக்கு ஒருமுறை அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரமாக ஓடவிட்டு, "இப்ப ஒட்டுதா, இப்ப?" என்று கேட்டு, திரையில் அந்தக் கோட்டை ஒரு முடி நகர்த்துவார். உலகத்தில் வேறு யார் கேட்டாலும் முகம் சுளிக்கிற பாட்டுகள். ஒரே ஒரு மண்டைக்குள் மட்டும் நேராகிறவை. அதற்கு ஒரு பெண் தன் மாலை நேரத்தையெல்லாம் கொடுக்கிறாள் என்றால் தெரு என்ன நினைக்கும்? அதையேதான் நினைத்தது. செக்ரட்டரி நேராகவே கேட்டுவிட்டார். "சும்மா இருங்க சார், பாட்டு ஓடுது" என்றாராம் அந்தம்மா.

ஆர்டர்கள் பெருகி, பட்டறைக்கு இடம் போதாமல், மழை ஓய்ந்த கையோடு பல்செட்டம்மா நகரத்தின் மறுகோடிக்கு மாறினார். அடுத்த மாதம் அளவெடுக்க லிஃப்டு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். அதற்கடுத்த மாதம் அளவு நானூற்று முப்பத்தேழில் நின்றது, அதோடு நகரவில்லை; டாக்டரும் இனி நகராது என்று சொல்லிவிட்டார். ஆக, அளவெடுக்கப் போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த வாரம்தான் லிஃப்டு வீட்டைக் காலி செய்தார்.

தட்டுகளை ஏற்ற வாத்தியாரின் வேன் வந்தது. புதுப் பட்டறைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. கல்யாணத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. சாட்சியாக அக்கா கையெழுத்துப் போட்டாள், வாத்தியார் கையெழுத்துப் போட்டார், அன்று மாலையே அந்தம்மா ஒரு டாக்டருக்குக் கீழ்வரிசை ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்ததாம். இங்கே முதல் மாடிக்கு ஒரு வங்கிக் குமாஸ்தா குடும்பம் வந்திருக்கிறது. கீழ்ப் பட்டறையில் தையல்காரர் ஒருவர்.